அரசாங்கக் காட்டில் வேட்டைக்கு அனுமதி: மூதூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மைத்துனர் சிட்னியில் இருக்கிறார். அங்கே அரசாங்கக் காட்டுக்குள் முறைப்படி அனுமதி எடுத்துக்கொண்டு போய் மானும் பன்றியும் சுடுகிறார். ஒருவரும் அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. நம்முடைய மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் காடு. பன்றி வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விட்டால் பயிர் தப்பும், அரசுக்கு வருமானம் கிடைக்கும், உல்லாசப் பயணிகளும் வருவார்கள், ஏன் விடுவதில்லை? வடக்கு கிழக்குக்கு மட்டும் துப்பாக்கிச் சட்டம் வேறா? கடைசியாக, டிசம்பரில் மைத்துனர் வரும்போது மாமாவின் லைசென்ஸ் துவக்கை எடுத்துக்கொண்டு இருவரும் காட்டுக்குப் போகலாமா?

இதில் உண்மையாகக் கேட்கப்படுவது இரண்டு. இன்றைய சட்டம் என்ன என்பது ஒன்று. அந்தச் சட்டம் நியாயமானதா, மாற்ற வேண்டுமா என்பது மற்றது. முதலாவதற்குத் திட்டமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் சில இடங்களில் உறுதியாகவும் சில இடங்களில் தயக்கத்தோடும்தான் பேச முடியும். நான் சட்டத்தரணி. திருகோணமலையிலும் மூதூரிலும் நீதவான் நீதிமன்றங்களில் துவக்கு வழக்கு, வனசீவராசி வழக்கு, காட்டுக்குள் நுழைந்த வழக்கு என்று நீண்ட காலமாக நின்றிருக்கிறேன். பெரும்பாலும் எதிரிக் கூட்டில் நின்ற விவசாயிகளுக்காக. விலங்கியல் படித்தவன் அல்ல. விலங்குகளைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக்கென்றோ வடக்கு கிழக்குக்கென்றோ தனியான துப்பாக்கிச் சட்டம் கிடையாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் முழுத் தீவுக்கும். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளை மிகவும் கடுமையாக்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. எதுவானாலும் லைசென்ஸ் ஓர் ஆண்டுக்குத்தான். டிசம்பர் 31 தாண்டினால், நேற்றுவரை சட்டப்படி வைத்திருந்த துவக்கு இன்று சட்டவிரோதத் துவக்கு. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு மீளாய்வு செய்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். துப்பாக்கி வைத்திருப்பது இந்த நாட்டில் ஒருவருடைய உரிமை அல்ல. அரசு தருகிற, எப்போதும் திரும்பக் கேட்கக்கூடிய ஒரு சலுகை. உங்கள் மைத்துனர் வாழும் அவுஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1996இல் போர்ட் ஆதரில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் எல்லா மாநிலங்களும் ஒரு பொது உடன்பாட்டுக்கு வந்தன. கனடாவில் துப்பாக்கி மத்திய அரசின் கையில், வேட்டை மாகாணத்தின் கையில். அங்கிருந்து உறவினர்கள் சொல்லும் கதைகளை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

சட்டம் ஒன்றுதான் என்றாலும், அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். போருக்கு முன் கொட்டியாரப் பக்கத்திலும் தம்பலகாமத்திலும் லைசென்ஸ் துவக்கு உள்ள விவசாயக் குடும்பங்கள் பல இருந்தன. 1980களில் அவற்றில் பலவற்றை ஆயுத இயக்கங்கள் வாங்கிக்கொண்டு போயின. மிஞ்சியவை பொலிஸ் நிலையங்களுக்குப் போயின. தகப்பனிடமிருந்து மகனுக்கு லைசென்ஸ் மாறிவந்த அந்தத் தொடர்ச்சி அங்கேயே அறுந்துவிட்டது. 2009க்குப் பிறகு புதிதாக விண்ணப்பித்தவர்கள் கிராம அலுவலரின் சான்று, பிரதேச செயலகத்தின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை என்று அலைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காணி அனுமதிப்பத்திரம் பெயர் மாற்றப்படாமல் தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும். அல்லது இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். காணியை நிரூபிக்க முடியாதவனுக்குப் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு எப்படிக் கிடைக்கும்? ஆகவே "எங்களுக்கு மட்டும் வேறு சட்டமா" என்று நீங்கள் கேட்பதில் ஒரு நியாயமான வலி இருக்கிறது. அந்த வலிக்கு மருந்து வேட்டை அனுமதி அல்ல என்பதுதான் என் கருத்து.

இனி வேட்டை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே அடிப்படை. தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம் போன்றவற்றுக்குள் எந்த விலங்கையும் வேட்டையாட முடியாது. நம்முடைய பக்கத்தில் சோமாவதி தேசிய பூங்காவின் ஒரு பகுதி, திரிகோணமடு இயற்கை ஒதுக்கம், சேருவில அல்லைச் சரணாலயம், கடலில் புறாத்தீவு ஆகியவை வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. வன பரிபாலனத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடுகளுக்கு வேறு சட்டம், 1907இல் வந்தது. அதன்படியும் ஒதுக்கக் காட்டுக்குள் சுடுவதும் பொறி வைப்பதும் குற்றம். இவற்றுக்கு வெளியே, ஏன், உங்கள் சொந்தக் காணிக்குள்ளேயே புள்ளிமான், மரை (கடமான்), மயில், உடும்பு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. பன்றி மட்டும் நீண்ட காலமாக அந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கிறது. தன் வயலுக்குள் வந்த பன்றியை லைசென்ஸ் துவக்கால் சுடும் விவசாயி அதற்காகக் குற்றவாளி ஆவதில்லை. பொழுதுபோக்கு வேட்டைக்கென்று அனுமதிப்பத்திரம் இன்று எந்த அலுவலகமும் வழங்குவதில்லை. காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் உங்களை ஏமாற்றுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குரங்கு, மந்தி, மயில், மலை அணில், முள்ளம்பன்றி, பன்றி ஆகியவற்றை விவசாயிகள் எப்படியும் கையாளலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் விவசாய அமைச்சிலிருந்து அறிவிப்பு வந்தது. பத்திரிகைகளும் பெரிதாகப் போட்டன. அமைச்சர் மேடையில் சொன்னது சட்டம் ஆகாது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஒன்றை முறைப்படி, வர்த்தமானி வழியாக மாற்றினால்தான் மாற்றம். அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "ஐயா, இதில் போட்டிருக்கிறதே" என்று நீட்டியவர்களை எனக்குத் தெரியும். நீதவான் முன் அது செல்லாது.

இந்த நாட்டில் பொது நிலத்தில் பொழுதுபோக்கு வேட்டை ஒருபோதும் இருந்ததில்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அது பெரிய விளையாட்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானையைக் கொன்றால் அரசே வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டதாக அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். விலங்கு அருகிப்போவதைக் கண்டு முதலில் பதறியவர்களும் வேட்டைக்காரர்களே. 1894இல் அவர்கள் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். யாலையில் சரணாலயத்தை ஒட்டி, இங்கே வசிக்கும் வேட்டைக்காரர்களுக்கென்றே ஓர் ஒதுக்கம் இருந்தது. லைசென்ஸ் எடுத்துப் பருவத்தில் போய்ச் சுடலாம். பிற்பாடு அதுவும் தேசிய பூங்காவோடு சேர்க்கப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்பது புதிய யோசனை அல்ல. இந்த நாடு நூறாண்டுக்கு மேல் செய்து பார்த்து, படிப்படியாகக் கைவிட்ட ஒன்று.

சிட்னிக்கு வருவோம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காடுகளில் லைசென்ஸும், எந்தக் காடு, எந்த நாள் என்று குறித்த எழுத்து அனுமதியும் பெற்று வேட்டையாடலாம் என்பது உண்மை. செம்மஞ்சள் தொப்பியோ உடுப்போ அணிய வேண்டும், எல்லை காட்டும் வரைபடம் கையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் உண்டு. ஆனால் அங்கே சுடப்படுவது என்ன? அவுஸ்திரேலியாவின் மான், பன்றி, நரி, முயல் எதுவும் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. குடியேறிய வெள்ளையர் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் பெருகிக் கிடக்கும் மான் நம்முடைய புள்ளிமான் இனம்தான்; விக்டோரியாவில் 1860களில் விடப்பட்ட மரைகளில் இலங்கையிலிருந்து போனவையும் உண்டு. அங்கே அவற்றைத் தின்று கட்டுப்படுத்தச் சிறுத்தை போன்ற பெரிய ஊனுண்ணி கிடையாது. அந்த மண்ணின் செடிகொடியை அழிக்கின்றன. அதனால் எத்தனை குறைந்தாலும் அரசுக்கு நல்லதே. இங்கே அதே மானும் மரையும் பன்றியும் இந்தக் காட்டின் பிள்ளைகள், சிறுத்தையின் உணவு. அங்கே ஒரு மரையைச் சுடுவது வந்தேறியை அகற்றுவது. இங்கே ஒரு மரையைச் சுடுவது சிறுத்தையின் வாயிலிருந்து பறிப்பது. ஒரே விலங்கு, ஒரே குண்டு, ஆனால் விளைவு நேர்மாறு. உங்கள் மைத்துனர் செய்வதில் தவறில்லை. அதை இங்கே நகல் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அங்கேயும் அது தகராறு இல்லாமல் நடக்கவில்லை. வேட்டையை ஒழுங்குபடுத்த 2002இன் சட்டத்தால் அமைத்த சபையே வேட்டையை வளர்க்கும் வேலையையும் செய்துகொண்டிருந்தது. காவல் செய்கிறவனும் கடை நடத்துகிறவனும் ஒருவனாகவே இருந்தால் என்ன நடக்கும் என்று விசாரணை அறிக்கை ஒன்று கடுமையாகச் சுட்டியதும், 2013இல் அரசு அந்தச் சபையையே கலைத்துவிட்டு, பொறுப்பைத் திணைக்களம் ஒன்றிடம் கொடுத்தது.

சொந்த மண்ணின் விலங்கையே வேட்டைக்கு விட்டு, ஆனாலும் அழியாமல் வைத்திருக்கும் நாடுகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அமெரிக்காவில் நம்முடைய கட்டளைச் சட்டம் வந்த அதே 1937இல் ஒரு சட்டம் வந்தது: நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 வீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு மட்டும். வேட்டைக்காரனின் லைசென்ஸ் கட்டணமும் அங்கேயே போகும்படி சட்டத்தால் கட்டிவைத்தார்கள். அந்தப் பணத்தில் உயிரியலாளர்கள் வேலைக்கு அமர்ந்தார்கள். ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை மான் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதைப் பார்த்து இத்தனை அட்டை என்று வழங்குகிறார்கள். சுட்டவன் அட்டையை விலங்கில் கட்ட வேண்டும், அறிக்கை கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு அட்டையும் குறையும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017 டிசம்பரில் கிரிஸ்லிக் கரடி வேட்டையைப் பழங்குடியினர் தவிர மற்றவர்களுக்கு நிறுத்தியது. நிறுத்து என்றதும் நின்றது. வேட்டையை அனுமதிக்கும் நாட்டுக்கு முதலில் வேண்டியது துப்பாக்கி அல்ல. விலங்கை எண்ணும் ஆளும், போதும் என்று சொல்லும் அதிகாரமும், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படும் வழக்கமும்தான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் மக்கள் தங்கள் காணியில் நின்று குரங்கு, மந்தி, மயில், மலை அணில் ஆகியவற்றை எண்ணினார்கள். அந்த முயற்சியை நான் குறை சொல்லவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல். ஆனால் மூதூர்க் காட்டில் எத்தனை மரை இருக்கிறது, கந்தளாய்க்கு மேற்கே எத்தனை மான் இருக்கிறது என்று ஆண்டுதோறும் மதிப்பிட்டு, அதைக்கொண்டு வேட்டை அளவை நிர்ணயிக்கும் ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை. எண்ணிக்கை இல்லாமல் அளவு நிர்ணயிக்க முடியாது. அளவு இல்லாத லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் ஆகாது.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் கண்மயக்கம் உண்டு. நகரத்து மான்கள். கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் மட்டும் அல்ல, கடற்கரையிலும் மைதானத்திலும் கூட்டமாகப் படுத்திருக்கின்றன. சந்தைப் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள்: கொம்பில் இன்னும் வெல்வெட் போன்ற தோல் உரியாத கலைமான் ஒன்று மரக்கறிக் கடையின் பலகைக்கு முன்னால் நின்று, கடைக்காரர் எறியும் கோவா இலையை மென்றுகொண்டிருக்கும், கோவா தீர்ந்ததும் பக்கத்தில் கிடக்கும் பொலித்தீன் பையையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பொலித்தீன் வயிற்றில் கட்டிப்பட்டுச் சாகிற மான்களும், இரவில் வாகனத்தில் அடிபடுகிற மான்களும் ஏராளம். இதைப் பார்த்துப் பழகியவர்கள் மாவட்டம் முழுக்க மான் நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். காட்டுக்குள் போனால் அப்படி அல்ல. அங்கே மான் உங்களைப் பார்க்கும் முன் நீங்கள் அதைப் பார்ப்பது அரிது. மனித வாடை பட்டால் ஓடிவிடும். சுடப்பட்டுப் பழகிய விலங்கு அது. நகரத்து மானைக் கொண்டு காட்டு மானைக் கணக்கிட வேண்டாம்.

இப்போது பன்றி. உங்கள் கேள்வியில் மிக நியாயமான பகுதி இதுதான். இதை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். நெற்கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இரவில் இறங்கினால், தின்பதைவிட உருண்டு புரண்டு மிதித்து நாசமாக்குவது அதிகம். கச்சானும் மரவள்ளியும் போட்டவர்கள் நிலை இன்னும் மோசம். காவற்பரணில் டோர்ச் லைட்டோடு உட்கார்ந்து, விடியும்வரை தகரம் தட்டி, அதே உடம்போடு காலையில் வயலில் வேலை செய்கிறார்கள். பெரும்போகத்தில் மாதக்கணக்கில் இப்படி. பன்றி பெருகிவிட்டது என்று அவர்கள் சொன்னால் நான் நம்புகிறேன். எதனால் பெருகியது என்பதில்தான் எனக்கு நிச்சயம் இல்லை. சிறுத்தை குறைந்ததாலா, போர்க் காலத்தில் கைவிடப்பட்ட காணிகளில் பற்றை மண்டியதாலா, பயிர்ச்செய்கை காட்டோரத்துக்கு நகர்ந்ததாலா? மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். இதை ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்கள் வந்து சுட்டால் பன்றி குறையும் என்பது உறுதியான விஷயம் அல்ல. ஒன்ராறியோ மாகாணம் 2022 ஜனவரியிலிருந்து காட்டுப் பன்றி வேட்டையையே தடைசெய்திருக்கிறது. அங்கே பன்றி வந்தேறி. ஒழிக்க வேண்டும் என்பதே அரசின் நோக்கம். அப்படியிருந்தும் ஏன் தடை? கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டால் மற்றவை சிதறிப் புதிய இடங்களுக்குப் போய் அங்கே குட்டி போடுகின்றன; தப்பியவை இரவுக்கு மாறி இன்னும் பதுங்கக் கற்றுக்கொள்கின்றன. கூட்டத்தையே அடைத்துப் பிடித்தால்தான் பயன் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். வயல் வரம்பில் நின்று விவசாயி சுடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: அவன் சுடுவது தன் பயிருக்கு வந்த பன்றியை. பொழுதுபோக்குக்கு வருபவன் காட்டுக்குள் போய்க் கலைப்பான். கலைந்த கூட்டம் எங்கே இறங்கும்? அடுத்த ஊர் வயலில்.

சட்டவிரோதமாக இப்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் அனுமதி பற்றிப் பேசுவது பொருத்தம் அல்ல. நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக வைக்கப்படும் இடியன் துவக்கை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாய்த் துண்டு ஒன்று குழலாகியிருக்கும். கையால் செதுக்கிய பிடி, அதைக் குழலோடு சேர்த்துக் கட்டிய கம்பி, வாய்ப்பக்கம் கருகிய துரு, விசைக்கு மேலே தொங்கும் இலக்கச் சீட்டு. மருந்து கூடினால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். அதையே பாதையோரத்து மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, குறுக்கே மெல்லிய கம்பி இழுத்துவிட்டால் கட்டுத்துவக்கு. பன்றிக்கென்று கட்டுவது, விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் போகிறவனின் காலைப் பதம் பார்க்கும். தொடையெலும்பு நொறுங்கி, காட்டிலிருந்து தூக்கிவருவதற்குள் இரத்தம் போய் இறந்தவர்கள் உண்டு. வாய்வெடி இன்னும் கொடியது. பூசணிக்காய்க்குள்ளோ கருவாட்டுக்குள்ளோ வெடிமருந்து வைத்துப் போடுவார்கள். கடித்தது யானைக்குட்டி என்றால் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும். 2023இல் இந்த நாட்டில் இறந்த யானைகள் 470க்கு மேல். யானைச் சாவின் முக்கியக் காரணங்களில் வாய்வெடியும் ஒன்று. சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுவதும் பன்றிக்கு வைத்த சுருக்கில்தான். சட்டப்படி வேட்டை இருந்தால் இவை ஒழியும் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுத்துவக்கு கட்டுகிறவன் லைசென்ஸ் கட்டணம் கட்டக்கூடியவன் அல்ல. பொழுதுபோக்கு லைசென்ஸ் எடுக்கக்கூடியவன் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவன். ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதி மற்றவரின் பழக்கத்தை எப்படி மாற்றும்?

என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான், தம்பி. 2009க்குப் பிறகு நம்முடைய மாவட்டத்தில் பரந்த நிலங்கள் ஒதுக்கக் காடு என்றும் சரணாலயம் என்றும் எல்லைக்கல் நாட்டப்பட்டன. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் தங்கள் பழைய சேனைக்குள் அந்தக் கல்லைக் கண்டார்கள். குச்சவெளியிலும் வெருகலிலும் மாட்டுப்பட்டிக்காரர்கள் மேய்ச்சலுக்குப் போனதற்காக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். தேன் எடுக்கப் போனவன், விறகு வெட்டப் போனவன் எல்லாம் என் கட்சிக்காரர்களாக இருந்திருக்கிறார்கள். விறகுக்கே உள்ளே விடாத காட்டுக்குள், காசு கட்டினான் என்பதற்காக வெளியூர்க்காரன் ஒருவன் துப்பாக்கியோடு நுழையலாம் என்றால், அதை எந்த நியாயத்தில் எங்கள் மக்களிடம் சொல்வது? அதுவும் இந்த மாவட்டத்தில். காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யார், எதற்கு என்று இன்றும் நெஞ்சு பதறும் ஊர்கள் இங்கே இருக்கின்றன. மூன்று சமூகங்களும் காணிக்காக ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கும் எல்லைகளில் அந்நியர் துப்பாக்கியோடு நடமாடுவதை நான் விரும்பவில்லை.

வேட்டையாட உரிமை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் பேச்சு வந்தால், வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் வேடர்கள். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், அப்பால் வாகரை வரை கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. காட்டோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு விளையாட்டு அல்ல, வாழ்வு. 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா ஆனபோது உள்ளே இருந்த வேடர்கள் தங்கள் வேட்டை நிலத்தையே இழந்தார்கள். அவர்களுக்கே மறுக்கப்பட்டதை உல்லாசப் பயணிக்கு விற்பதை என்னால் ஏற்க முடியாது.

அப்படியானால் விவசாயி என்ன செய்வான்? எனக்குத் தெரிந்த வழி சட்டத்தின் வழி. அதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு லைசென்ஸை வடக்கு கிழக்கில் வேறு மாவட்டங்களைப் போலவே நடத்த வேண்டும். காணி உறுதி இல்லாதவருக்குக் கமநல சேவை நிலையத்தின் பயிர்ச்செய்கைப் பதிவைச் சான்றாக ஏற்கலாம். தனித்தனியாக எல்லோருக்கும் என்பதைவிட, கமக்காரர் அமைப்புக்கு ஒன்றிரண்டு, பயிற்சி பெற்ற இருவர் பொறுப்பில், போகக் காலத்துக்கு மட்டும், அறுவடை முடிந்ததும் பொலிஸில் ஒப்படைக்கும் நிபந்தனையோடு என்றால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். துவக்கு வயல் வரம்பைத் தாண்டக் கூடாது. சுட்ட ஒவ்வொரு பன்றிக்கும் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவே நம்மிடம் இல்லாத எண்ணிக்கையின் தொடக்கமாகவும் அமையும். பயிர் இழப்பீடு உரிய நேரத்தில், தலையீடு இல்லாமல் வர வேண்டும். மின்வேலி வேண்டும் என்றால் முறையான மின்வேலி; வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சி, மறுநாள் காலை பக்கத்து வயல்காரனின் பிணத்தைக் காண்பது அல்ல. இவையெல்லாம் நடந்தால் பன்றிச் சேதம் முழுதாக நின்றுவிடும் என்று நான் உறுதி தர முடியாது. குறையும் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக உங்கள் டிசம்பர்த் திட்டம். மாமாவின் லைசென்ஸ் மாமாவுக்கு மட்டும். அந்தத் துவக்கை நீங்களோ மைத்துனரோ கையில் வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். பிடிபட்டால் மாமாவும் சேர்ந்து சிக்குவார், துவக்கும் போகும். அவருடைய வயதில் இனி ஒன்று எடுப்பது கடினம். மைத்துனர் தன் துப்பாக்கியை விமானத்தில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள்; பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் இறக்கினால் விமான நிலையத்திலேயே கைது. தோட்டா ஒன்றுகூடப் பையின் அடியில் மறந்து கிடக்கக் கூடாது. வேட்டைக்குப் போய்வரும் பையையே பயணத்துக்கும் எடுத்துவருகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். காட்டில் ஊர் நண்பர்கள் மான் இறைச்சி சமைத்து அழைத்தாலும் போக வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை வைத்திருப்பதே வழக்காகும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டுப் போக முடியாமல் நிற்க நேரலாம். மாமாவின் லைசென்ஸ் இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உடனே மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவும் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். அந்த வாரத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். ஒரு பத்திரம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.